பூங்காவில் வான் பார்க்கும் மாலை: விளக்கை அணைக்கச் சொல்வதா, ஊரைவிட்டு வெளியே போவதா?

ஆறங்குல ஆடி | பிப்ரவரி 3, 2026, இரவு 10.20

டிசம்பர் கடைசியில் ஒன்று, ஜனவரியில் இரண்டு என்று மூன்று சனிக்கிழமை மாலைகள், புதுச்சேரி ஊருக்குள் ஒரு சிறிய பூங்காவில் தொலைநோக்கியை நிறுத்தி, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் வானத்தைக் காட்டினோம். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, பேனர் இல்லை. நாங்கள் நான்கு பேர்; ஓர் ஆறு அங்குலத் தொலைநோக்கி, ஓர் எட்டு அங்குலம், ஒரு பைனாகுலர். பூங்காவின் பெயரை எழுதப் போவதில்லை. வாய்மொழியாகச் சரி என்று சொன்னவருக்கு என்னால் சங்கடம் வரக்கூடாது.

முதல் மாலையைச் சனிக்கோளுக்காகத்தான் வைத்தோம். அங்கேயே சறுக்கினோம். 2025 மார்ச் 23 அன்று சனியின் வளையம் பூமிக்குத் தன் விளிம்பைக் காட்டி நின்றது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அப்படி நேரும். டிசம்பரிலும் அது விரியவில்லை. பாடப்புத்தகப் படத்தை நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பட்டாணியில் ஊசி குத்தியதுபோல ஒன்று தெரிந்தது. "வளையம் எங்கே சார்?" என்று கேட்டே வரிசை கலைந்தது. அன்றைக்கு அரை நிலா இருந்ததால் பிழைத்தோம். ஒளியும் நிழலும் சேரும் கோட்டில் பள்ளங்களின் விளிம்பு நிழல் விழுந்து துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் கண்ணை எடுக்காமல், "பொரித்த அப்பளம்" என்றார்.

ஜனவரியில் வியாழன் கைகொடுத்தது. புனர்பூசத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று நிற்கிறது; நான்கு நிலாக்களும் ஒரே கோட்டில் தெரிந்தன. எட்டு அங்குலத்தில் 120 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், பூமி சுழல்வதால் ஒன்றரை நிமிடத்தில் வியாழன் ஓரத்துக்குப் போய்விடும். எங்கள் தொலைநோக்கிகளுக்கு மோட்டார் இல்லை. இரண்டு பேர் பார்த்ததும் மூன்றாமவருக்காக மறுபடி தள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் ஒரு தொலைநோக்கிக்கு நூற்றிருபது பேர்தான்.

சிக்கல் இதுதான்: பூங்காவின் நடுவில் ஒரு ஹைமாஸ் விளக்கு. வெள்ளை வெளிச்சம் ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) பக்கவாட்டில் புகுந்து, பார்ப்பவரின் சொந்த இமை முடியையே அவருக்குக் காட்டுகிறது. நிலா, வியாழன் தவிர வேறொன்றும் காட்ட முடியவில்லை. எங்களில் இருவர் வெளியே போய்விடலாம் என்கிறார்கள். வீராம்பட்டினம் தாண்டிக் கடற்கரை, இல்லாவிட்டால் ஊசுட்டேரிக் கரை. ஒருவர், மனு எழுதி விளக்கை அணைக்கச் சொல்லலாம் என்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வந்தவர்கள், வராதவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை வாசி | பிப்ரவரி 3, இரவு 11.05

இரண்டாவது மாலை வந்தவர்களில் நானும் ஒருவன். ஓர் உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் உங்கள் தொலைநோக்கியைத் தேடி வரவில்லை. ஊஞ்சல் காலியாக இல்லை. பிள்ளைகள் இரண்டும் அழுதன. அதனால்தான் உங்கள் வரிசையில் நின்றோம்.

சின்னவன் நிலாவைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குழாயின் முன்பக்கம் ஓடிப்போய் எட்டி உள்ளே பார்த்தான். படம் ஏதாவது ஒட்டியிருக்கிறீர்களா என்று சோதனை. உள்ளே தன் முகம் பெரிதாகத் தெரிந்ததும் அதுதான் அவனுக்கு வியாழனைவிடப் பெரிய அதிசயமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது அதைத்தான்.

வீராம்பட்டினத்துக்குப் போய் வைத்தீர்களானால் நான் வரமாட்டேன். சனிக்கிழமை இரவு இரண்டு பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு இருட்டுக்குள் யார் போவது?

தேவனாம்பட்டினம் | பிப்ரவரி 4, காலை 6.50

கடலூரிலிருந்து எழுதுகிறேன். ஹைமாஸ் விளக்கின் கீழ் நின்று வானம் பார்ப்பது, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் துணி காயப்போடுவது போல. மன்னிக்க வேண்டும், ஆனால் அதுதான் உண்மை.

வானம் என்றால் என்ன என்று எங்கள் ஊருக்கு 'தானே' என்ற புயல் காட்டியது. 2011 டிசம்பர் 30 காலை அது எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் கரை ஏறியது, மறந்திருக்கமாட்டீர்கள். மின்கம்பங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்து கிடந்தன. பல தெருக்களுக்கு எத்தனையோ நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, புழுக்கம் தாங்காமல் ஓடு பறந்த வீட்டின் திண்ணையில் படுத்திருந்தேன். அரை நிலா நள்ளிரவுக்குப் பிறகு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு பார்த்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தெருவில் பாதிப் பேர் வெளியே வந்து நின்றோம். வீடு போனவர், படகு போனவர், முந்திரித்தோப்பு மொத்தமும் போனவர் எல்லோரும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய நேரமும் இல்லை அது. என் பெரியப்பா மட்டும், வயதான மீனவர், கையை நீட்டி, "இவ்வளவும் அங்கேதான் இருந்ததா, எனக்குத்தான் கண் போய்விட்டது என்று இருந்தேன்" என்றார். அவர் காலத்தில் வெள்ளி பார்த்துத்தான் தொழிலுக்குப் போவார்கள், வெள்ளி பார்த்துத்தான் கரை திரும்புவார்கள். எங்களுக்கு நட்சத்திரம் எல்லாமே வெள்ளிதான்.

ஆகவே வெளியே வாருங்கள். வெள்ளிக் கடற்கரைக்கே வாருங்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மேற்கே நெய்வேலிப் பக்கம் வானம் வெளுத்துத்தான் இருக்கும், கடல் பக்கம் மோசமில்லை.

இரவுப்பணி | பிப்ரவரி 4, காலை 9.15

செவிலியர் நான். பணி முடிந்து இப்போதுதான் வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

விளக்கை அணைக்கலாமா, இருட்டான கரைக்குப் போகலாமா என்று எழுதிய மூவருமே ஆண்கள். வார இறுதியில் புதுச்சேரிக் கடற்கரைக்கு எப்படிப்பட்ட கூட்டம் வருகிறது, என்ன குடித்துவிட்டு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். என் தங்கையோடு அந்தப் பூங்காவுக்கு வந்தேன். வந்ததற்கு ஒரே காரணம், அங்கே விளக்கு இருந்தது. அணைத்தால் முதலில் காணாமல் போவது நட்சத்திரம் பார்க்க வந்த பெண்கள்தான்.

ஆறங்குல ஆடி | பிப்ரவரி 4, காலை 9.40

அக்கா, சரியாகச் சொன்னீர்கள். மனு எழுதலாம் என்ற யோசனையை இந்த நிமிடமே கைவிடுகிறேன்.

மின்கம்பம் | பிப்ரவரி 4, பிற்பகல் 2.30

முப்பத்தோரு ஆண்டு மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விளக்கு விஷயத்தில் எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

ஒன்று, ஹைமாஸ் விளக்கை அணைக்கச் சொல்லி வாங்கவே முடியாது. எவனாவது தடுக்கி விழுந்தால் அணைத்தவன் தலைதான் உருளும். இரண்டு, அணைக்கத் தேவையும் இல்லை. உங்கள் பகை வெளிச்சம் அல்ல, நேராகக் கண்ணில் விழும் வெளிச்சம். விளக்கின் முகம் உங்களுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து நின்றாலே போதும். எந்தப் பூங்காவிலும் ஒரு தண்ணீர்த் தொட்டியோ, கழிப்பறைச் சுவரோ, அடர்ந்த மரமோ இருக்கும். அதன் நிழலில் தொலைநோக்கியை வையுங்கள். நாலு அடி தள்ளி வெளிச்சம் இருக்கும், பெண்களுக்கும் தைரியம். அதுவும் முடியாவிட்டால் பழைய ஸ்டூடியோக்காரர் செய்ததுபோல ஒரு கறுப்புத் துணி. பார்ப்பவர் தலைக்கு மேல் போர்த்திவிடுங்கள். பத்து நிமிடம் ஆனால் உள்ளே நாற்றம் அடிக்கும், அதற்கு நான் பொறுப்பல்ல.

வெள்ளை எல்இடி வந்த பிறகு வானம் மோசமானதற்கும் காரணம் இருக்கிறது. பழைய சோடியம் விளக்கு மஞ்சள். இதில் நீலம் அதிகம். பகல் வானத்தை நீலமாக்குகிற அதே சிதறல் இங்கேயும் நடக்கிறது. காற்றில் நீலம்தான் அதிகம் சிதறும். விளக்கு மேலே பார்க்காமல் தரையை மட்டும் பார்க்கும்படி தொப்பி வைத்தால் வானமும் மிஞ்சும், மின்சாரமும் மிஞ்சும். நான் வேலையில் இருந்தபோது இதைச் சொன்னேன். கோப்பில் இருக்கும்.

கருப்புச்சட்டை | பிப்ரவரி 4, இரவு 8.10

விளக்கைப் பற்றிப் பேசியது போதும். நான் மூன்றாவது மாலை வந்தேன். அங்கே ஒரு பாட்டியம்மாவிடம், "உங்கள் ஜென்ம நட்சத்திரம் என்ன? ரோகிணியா? இதோ காட்டுகிறேன்" என்று சொல்வதைக் காதால் கேட்டேன். தோழர், இது என்ன? ஜோசியக்காரன் வெற்றிலையில் மை போட்டுக் காட்டியதை நீங்கள் லேசரில் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசமா? அறிவியல் மாலை என்று நம்பி என் மகளை அழைத்து வந்தேன்.

ஆறங்குல ஆடி | பிப்ரவரி 4, இரவு 9.55

தோழர், அந்தப் பாட்டியம்மாவின் கதையை முழுக்கக் கேளுங்கள். பாதியில் நீங்கள் பைனாகுலர் பக்கம் போய்விட்டீர்கள்.

சிவப்பாக ஒன்றைக் காட்டி, இதுதான் ரோகிணி என்றேன். ஜென்ம நட்சத்திரம் என்றால் அது உங்களைப் பெற்ற நட்சத்திரம் இல்லை அம்மா, நீங்கள் பிறந்த நேரத்தில் நிலா இந்தப் பக்கம் நின்றது என்று மட்டும்தான் பொருள். நிலா வானத்தை ஒருமுறை சுற்ற இருபத்தேழு நாளும் சொச்சமும் ஆகிறது, அதனால் பாதையை இருபத்தேழு வீடாகப் பிரித்து வைத்தார்கள் என்று சொன்னேன். சலனமில்லாமல் கேட்டார். பிறகு வயதைக் கேட்டேன். அறுபத்தைந்து நடக்கிறது என்றார். ரோகிணி இருக்கும் தூரமும் ஏறக்குறைய அறுபத்தைந்து ஒளியாண்டுதான், அதாவது ஒளி வந்துசேர அத்தனை ஆண்டு. "இப்போது உங்கள் கண்ணில் விழுகிற வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டபோது நீங்கள் கைக்குழந்தை" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். "என் கல்யாணத்துக்கு வரவில்லை, பிள்ளை பெற்றதற்கு வரவில்லை, அவர் போனதற்கும் வரவில்லை. இப்போது என்ன அவசரமாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்று இன்னொரு முறை பார்த்தார்.

ஒளியாண்டு என்ற சொல்லை அந்த மாலையில் எத்தனையோ பேரிடம் சொன்னேன். அது போய்ச் சேர்ந்தது அந்த ஒருவரிடம்தான். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தன் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்வார்கள், வானத்தில் அது எங்கே என்று கேட்டால் தெரியாது. பெயர் கையில் இருக்கிறது, ஆளைக் காட்டுவதுதான் பாக்கி. இந்த மாதம் மாலை வானத்தில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம் எல்லாம் தலைக்கு மேலே நிற்கின்றன. ஏழரை மணிக்கு மேல் மகமும் கிழக்கே ஏறிவிடுகிறது. இதைவிட்டு ரோகிணியை ஆல்டெபரான் என்று ஆரம்பித்தால் யார் நிற்பார்கள்?

சுண்டல்காரரையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாலை அவர் வண்டி பல்புதான் எங்களுக்கு இரண்டாவது ஹைமாஸ். சொல்லிப் பார்த்தோம், வியாபாரம் என்றார். நியாயம்தான். மூன்றாவது மாலை தானே வந்து, "மகம் எது?" என்றார். காட்டினோம். வண்டிக்குத் திரும்பியதும், சுண்டல் மடிக்க வைத்திருந்த தாளில் ஒன்றைச் சுருட்டி பல்புக்குக் குல்லாய் போட்டுவிட்டார்.

கருப்புச்சட்டை | பிப்ரவரி 4, இரவு 10.30

நிலா நின்ற பக்கம், வேறொன்றும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும். ஒரு முறை விட்டாலும் மறுநாள் "பூங்காவில் அறிவியல்காரர்களே நட்சத்திரப் பொருத்தம் பார்க்கிறார்கள்" என்று எவனாவது படம் போடுவான்.

என் மகளுக்கு எந்த நட்சத்திரம் என்று எனக்குத் தெரியாது. ஜாதகம் எழுதவில்லை. பிறந்த நேரம் மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறது. கணக்கிட முடியுமா? அறிவியல் ஆர்வத்தில் கேட்கிறேன்.

இரவுப்பணி | பிப்ரவரி 4, இரவு 10.34

அறிவியல் ஆர்வம். சரி, சரி.

பழஞ்சுவடி | பிப்ரவரி 5, காலை 11.20

இந்த இழையில் மூன்று நாளாக எழுத வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. கொஞ்சம் நீளும்.

புதுச்சேரியில் வானம் பார்ப்பதற்கு முந்நூறு ஆண்டு தாண்டிய வரலாறு இருக்கிறது. 1689 டிசம்பரில் ரிஷோ என்ற சேசு சபைப் பாதிரியார் இங்கிருந்து ஒரு வால்நட்சத்திரத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அப்போது தெற்கே ஆல்பா சென்டாரி என்ற விண்மீனைப் பார்த்தார். அது ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் கூட்டத்தை இரட்டை என்று உலகுக்குச் சொன்ன இடம் இந்த ஊர். இதற்கு ஒரு கல்வெட்டு எங்காவது இருக்கிறதா என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்தது லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக 1760இல் பிரான்சில் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்று பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டு கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை. 1768இல் புதுச்சேரி வந்து, இடிபட்டுக் கிடந்த கோட்டைச் சிதைவின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். அந்தக் கோட்டை நின்ற பகுதிதான் இன்றைய பாரதி பூங்கா வட்டாரம். 1769 ஜூன் 3 இரவு வானம் துல்லியமாக இருந்தது. ஆளுநரை அழைத்து வியாழனின் நிலாக்களைக் காட்டினார். விடியலில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு மேகம் விலகி, நாள் முழுவதும் வெயில் காய்ந்தது. 1771இல் ஊர் திரும்பினால் அவரை இறந்தவராக எழுதிவிட்டிருந்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிருந்தது, சொத்துக்கு வாரிசுகள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறங்குல ஆடி அவர்களே, பட்டாணியில் ஊசி என்று வருந்தாதீர்கள். உங்களுக்கு முன்னால் இதே வட்டாரத்தில் நின்றவர் பட்டதைவிட அது குறைவு.

கருப்புச்சட்டை தோழருக்கு ஒன்று. 1825இல், நம் காலக்கணக்கு முறைகளை ஆராய்ந்த ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, வாக்கியங்களாக மனப்பாடம் செய்திருந்த எண்களைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. நம் முன்னோருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று குதிப்பவர்கள் அந்த 52ஐப் பார்க்கட்டும். ஒன்றுமே தெரியாது என்பவர்கள் அந்த 4ஐப் பார்க்கட்டும். அவருக்கு அந்தக் கணக்கின் கோட்பாடு தெரியாது, நினைவாற்றல்தான் இருந்தது என்றும் வாரன் எழுதி வைத்திருக்கிறார்.

1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது பாரதியார் இங்கேதான் இருந்தார், பாட்டும் எழுதினார் என்பதை யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

தேவனாம்பட்டினம் | பிப்ரவரி 5, பிற்பகல் 1.10

ஐயா, அந்த ஆல்பா சென்டாரி எப்போது தெரியும்? எந்தப் பக்கம்?

ஆறங்குல ஆடி | பிப்ரவரி 5, பிற்பகல் 1.45

மே நடுவில் இரவு 9 மணிக்குத் தென்கிழக்கே எழும்பியிருக்கும். ஜூன் நடுவில் அதே நேரத்துக்கு நேர் தெற்கே, பதினேழு டிகிரி உயரத்தில். கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி ஏறக்குறைய பத்து டிகிரி. ஒன்றே முக்கால் முட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு தொலைநோக்கியிலேயே இரண்டாகப் பிரியும். புதுச்சேரியில் நின்று பார்த்தால் கடலூருக்கு மேலேதான் தெரியும்.

தேவனாம்பட்டினம் | பிப்ரவரி 5, பிற்பகல் 1.52

பார்த்தீர்களா, கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

சில்லறை | பிப்ரவரி 5, மாலை 6.05

இலவசம் என்றால் மக்கள் மதிக்க மாட்டார்கள். பத்து ரூபாய் வையுங்கள். குறைந்தது ஓர் உண்டியல். பழுது பார்க்க உதவும்.

ஆறங்குல ஆடி | பிப்ரவரி 5, இரவு 9.30

பத்து ரூபாய் வைத்தால் ஊஞ்சல் கிடைக்காமல் வந்தவர்கள் வரமாட்டார்கள். காசு வாங்கினால் ரசீது, ரசீது என்றால் பதிவு, பதிவு என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர். நான்கு பேரில் மூவர் பதவிக்குப் போய்விட்டால் தொலைநோக்கியை யார் தூக்குவது?

இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஜான் டாப்ஸன். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை என்று கிடைத்ததை வைத்துத் தொலைநோக்கி செய்தார். மடத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு நிலாவைக் காட்டப் போனதில் 1967இல் மடத்திலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. மறு ஆண்டு நடைபாதை வானியலாளர் என்று ஒரு குழு உருவாயிற்று. தெருமுனையில் நிறுத்தி, போகிறவரைக் கூப்பிட்டு, காசில்லாமல் காட்டுவது, அவ்வளவுதான் கொள்கை. என் எட்டு அங்குலம் நிற்கிற பலகைப் பெட்டி அவர் கண்டுபிடித்த அமைப்பு. உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான். லாஸ் ஏஞ்சலீஸ் பூங்காவில் 1935இல் திறந்த கிரிஃபித் ஆய்வகத்திலும் பெரிய தொலைநோக்கியில் கண் வைக்க இன்றுவரை காசு கிடையாது.

மதிக்க மாட்டார்கள் என்றீர்களே, மதித்ததில்தான் எனக்குச் செலவு வந்தது. மூன்றாவது மாலை உப்புக்காற்றும் பனியுமாக ஐபீஸ் மங்கிவிட்டது. வரிசையில் நின்ற ஓர் ஐயா, பாவம், எனக்கு உதவுவதாக நினைத்து வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். மணலும் உப்புமாக, நடுவில் ஒரு கீறல். நன்றி ஐயா என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன சொல்வது? அடுத்த முறை காற்றூதும் ரப்பர் பந்தும், முடி உலர்த்தும் கருவியும் கையில் இருக்கும்.

மட்டுறுத்துநர் | பிப்ரவரி 6, காலை 8.00

மதுக்கடை நேரம் பற்றிய பதினோரு மறுமொழிகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வானம் மட்டும்.

லாஸ்பேட்டை டீச்சர் | பிப்ரவரி 6, மாலை 5.20

லாஸ்பேட்டையில் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றனவே, அது போதாதா என்று கேட்க வந்தேன். மேலே படித்த பிறகு கேட்கவில்லை. அங்கே மாணவர்களை அழைத்துப் போகிறோம். நான் பார்த்த வரையில் தாத்தா பாட்டி தனியாகக் கிளம்பிப் போவதில்லை.

ஒரு வேண்டுகோள். லேசரைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். விமான நிலையம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. விமானத்தின் மேல் பட்டால் விளையாட்டாக முடியாது. இன்னொன்று, செல்போனை ஐபீஸில் ஒட்டிவைத்துப் படம் எடுக்கிறவர்களுக்குத் தனி வரிசை போடுங்கள். ஓர் இளைஞர் ஆறு நிமிடம் எடுத்தார். எண்ணினேன். கிடைத்தது ஒரு வெள்ளைப் புள்ளி.

மார்ச் 3 கிரகணத்துக்கு ஏதாவது திட்டம் உண்டா?

ஆறங்குல ஆடி | பிப்ரவரி 6, இரவு 10.15

உண்டு, டீச்சர். அதற்கு மட்டும் பூங்கா வேண்டாம், கடற்கரைச் சாலை. மார்ச் 3 செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.20க்கு நிழல் தொடுகிறது, 4.34 முதல் 5.33 வரை முழு கிரகணம். அது எல்லாமே நமக்கு நிலா உதிக்கும் முன்பே நடந்து முடிந்துவிடும். மாலை ஆறு இருபது அளவில் நிலா கடலிலிருந்து எழும்போது ஓர் ஓரம் கடிபட்டிருக்கும். 6.48க்கு நிழல் விலகிவிடும். அரை மணி நேரம்கூட இல்லை. கிழக்கே திறந்த கடல் இருக்கும் ஊருக்கு இது தடையில்லாமல் வாய்க்கும். தொலைநோக்கியே தேவையில்லை, கண் போதும். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. சூரிய கிரகணம்தான் ஆபத்து. மாசி மகத் தீர்த்தவாரியை ஒட்டிய நாட்கள் அவை, வைத்திக்குப்பம் பக்கம் கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது. மாசி மகம் என்பதே முழுநிலா மக நட்சத்திரத்தோடு சேரும் நாள்தானே. கூட்டம் ஏற்கெனவே வானத்துக்காகத்தான் வந்திருக்கிறது, யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இரவுப்பணி | பிப்ரவரி 6, இரவு 10.40

போன செப்டம்பர் 7 முழு கிரகணத்தை, இரவு பதினோரு மணிக்கு மேல், நான் மாடியில் தனியாக நின்று பார்த்தேன். என் மாமியார் படிக்கட்டில் நின்றுகொண்டு, இறங்கி வா, இறங்கி வா என்று கூப்பிட்டபடியே இருந்தார். கடைசியில் அவரே ஏறி வந்துவிட்டார். மார்ச் 3க்கு அவரையும் அழைத்து வருகிறேன். ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம், சாப்பாடு பிரச்சினையும் இல்லை.

கருப்புச்சட்டை | பிப்ரவரி 6, இரவு 10.58

கிரகண நேரத்தில் கடற்கரையில் நின்று சுண்டல் சாப்பிடுவேன். என் செலவில் எல்லோருக்கும்.

ஆறங்குல ஆடி | பிப்ரவரி 7, காலை 7.30

சரி, முடிவு சொல்கிறேன். பூங்காவிலேயே நிற்கிறோம். மின்கம்பம் ஐயா சொன்னபடி நேற்று மாலை போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே பன்னிரண்டடி அகலத்துக்கு ஹைமாஸ் முகம் தெரியாத நிழல் இருக்கிறது. நடைபாதை வெளிச்சம் அப்படியே இருக்கும். அடுத்த மாலை பிப்ரவரி 21, சனிக்கிழமை. பிறை நிலா, வியாழன், திருவாதிரை. தெற்கே அகத்தியர் என்ற நட்சத்திரமும் தெரியும், மரம் வழிவிட்டால்.

கடலூர் அண்ணா, மார்ச் நடுவில் அமாவாசையை ஒட்டி ஒரு சனிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் உங்கள் கடற்கரைக்கு வருகிறோம். அது எங்களுக்காக. பூங்கா ஊருக்காக. உங்கள் பெரியப்பா இருந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள், அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

21க்கு இன்னும் இரண்டு பொருள் குறைகிறது: கறுப்புத் துணி, பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு ஸ்டூல்.

தேவனாம்பட்டினம் | பிப்ரவரி 7, காலை 7.55

பெரியப்பா போய் ஐந்து ஆண்டு ஆகிறது. வெள்ளிகளின் பெயரில் பாதி என் அத்தைக்குத் தெரியும். அவரை அழைத்து வருகிறேன். டீ எங்கள் வீட்டில்.

மின்கம்பம் | பிப்ரவரி 7, காலை 8.20

கறுப்புத் துணி நான் தருகிறேன். மழைக்கோட்டின் உள்துணி, நான்கு முழம். துவைத்துக் கொண்டு வருகிறேன்.

முத்தியால்பேட்டை வாசி | பிப்ரவரி 7, காலை 8.45

ஸ்டூல் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு கால் ஆடும், அடியில் அட்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். ஆறரைக்கு வந்துவிடுகிறோம். சின்னவன் இந்த முறை முன்பக்கம்தான் பார்ப்பானாம், இப்போதே சொல்லிவிட்டான்.